செப்பில் வெட்டிய ஊர்கள்

செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துக்கு 1820ஆம் ஆண்டில் போட்ட வரைபடம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலோரத்தில், பழைய பல்கலைக்கழகத்துக்கும் கோல்ஃப் விளையாட்டுக்கும் பேர்போன ஊர். படத்தில் தெற்குத் தெருவும் வடக்குத் தெருவும் கிழக்கே போகப்போக ஒன்றையொன்று நெருங்கி, இடிந்து கிடக்கும் பேராலயத்தின் அருகே முடிகின்றன. இரண்டுக்கும் நடுவில் சந்தைத் தெரு. தெருவோரம் வரிசையாக வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீண்டு ஒடுங்கிய கொல்லை. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் அந்த மனைகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் பெயர்கள் தெரியும். தெருவின் பெயரோ தேவாலயத்தின் பெயரோ அல்ல, அந்த மனைக்குச் சொந்தக்காரரின் பெயர்.

இந்தப் படத்தைப் போட்டவர் ஜான் வுட். 1780 வாக்கில் பிறந்த நில அளவையாளர். எடின்பரோவில் குடியேறி அங்கிருந்தே தொழிலை நடத்தினார். ஸ்காட்லாந்தில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர்களை அளந்தார். பெரும்பாலானவை 1818க்கும் 1826க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் முடிந்தவை. டண்டீ, அபர்டீன், பர்த், இன்வர்னஸ், எல்ஜின் என்று பட்டியல் நீள்கிறது. எல்லையைத் தாண்டி இங்கிலாந்தின் டர்ஹம், எக்சிட்டர், வேல்ஸில் கார்மார்தன், அபரிஸ்ட்வித் வரை போய் வேலை செய்திருக்கிறார். 1828இல் 48 ஸ்காட்லாந்து ஊர்களின் படங்களைத் திரட்டி ஒரே தொகுதியாக்கி, ஒவ்வோர் ஊரைப் பற்றியும் விவரக் குறிப்பு தரும் துணைநூல் ஒன்றையும் வெளியிட்டார்.

அதற்கு முன் இந்த ஊர்களில் பலவற்றுக்கு அச்சில் உருப்படியான படமே கிடையாது. 1747 முதல் 1755 வரை வில்லியம் ராயைக் கொண்டு ராணுவம், தீவுகள் நீங்கலாக, ஸ்காட்லாந்தை அளந்தது உண்மைதான். ஆனால் அது கையால் வரைந்த படம். அரண்மனை நூலகத்தில் இருந்ததே தவிரக் கடைக்கு வந்ததில்லை. 1791இல் தொடங்கிய அரசு நில அளவைத் துறை முதலில் கவனித்தது தென் இங்கிலாந்தை. ஸ்காட்லாந்தின் தெருக்களை அது அளக்க வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. அந்த இடைவெளியில் ஊரைக் காகிதத்தில் கொண்டுவந்தவர்கள் தனியார்தான்: அளவையாளர்கள், செப்புத்தகட்டில் படம் வெட்டும் பொறிப்பாளர்கள், புத்தகக் கடைக்காரர்கள்.

அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சந்தாவிலிருந்து. அளவையாளர் ஊருக்கு வருவதற்கு முன்பே உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வரும். புத்தகக் கடையில் சந்தா ஏடு ஒன்று திறந்திருக்கும். விருப்பமுள்ளவர்கள் கையெழுத்திட்டு, படம் அச்சானதும் பணம் கட்டி வாங்கிக்கொள்வார்கள். போதிய கையெழுத்து சேராவிட்டால் வேலை தொடங்காது. நகர மேயருக்கோ மன்றத்துக்கோ படத்தை அர்ப்பணித்து, அலங்கார எழுத்தில் அதைப் பொறித்துவிட்டால் மன்றமும் சில பிரதிகளை வாங்கும். மனைகளின் மேல் பெயர் ஏறியதற்கும் இந்தக் கணக்கோடு தொடர்பு இருக்க வேண்டும். தன் வீடு, தன் கொல்லை, பக்கத்திலேயே தன் பெயர் என்று அச்சில் வந்த ஒன்றை வாங்காமல் விட எந்த வியாபாரிக்கும் வழக்கறிஞருக்கும் மனம் வராது. அதேசமயம் சொத்து விற்பதற்கும் எல்லைத் தகராறைப் பேசுவதற்கும் அது உதவியது. பெருமையும் பயனும் கலந்த இந்த விற்பனை உத்தியால்தான் இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு தெருவில் யார் யாருக்கு இடம் இருந்தது என்பது இன்று நமக்குத் தெரிகிறது.

சந்தா போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ரிச்சர்ட் ஹார்வுட் என்ற அளவையாளர் 1792 முதல் 1799 வரை லண்டன் மாநகரத்தை வீடு வீடாக அளந்து, 32 தாள்களில் படம் போட்டார். ஒரு மைலுக்கு 26 அங்குலம் என்ற அளவு. ஒவ்வொரு வீட்டையும் காட்டி அதன் கதவு எண்ணையும் குறிப்பது அவருடைய எண்ணம். வேலை இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஃபீனிக்ஸ் தீக்காப்பீட்டு நிறுவனம் கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டது; படமும் அந்த நிறுவனத்துக்கே அர்ப்பணிக்கப்பட்டது. ஹார்வுட் பிறகு லிவர்பூல் நகரத்துக்கும் பெரிய படம் ஒன்றைப் போட்டுவிட்டு, 1803இல் அங்கேயே வறுமையில் இறந்தார். அவருடைய தகடுகளை வாங்கித் திருத்தி மறுபதிப்புப் போட்டவர் வில்லியம் ஃபேடன் என்ற பதிப்பாளர். அளந்தவர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. செப்பு யாரிடம் இருந்ததோ அவர் பிழைத்தார். இந்தத் தொழிலில் அது திரும்பத் திரும்ப நடந்தது.

செப்புத்தகடு என்ற அந்தச் சொத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வழவழப்பாகத் தேய்த்த தகட்டின் மேல் மெல்லிய மெழுகு பூசி, அளவையாளரின் வரைபடத்தை இடவலம் மாற்றி அதில் படியவைப்பார்கள். பிறகு பொறிப்பாளர் கூரிய எஃகு உளியால் கோடு கோடாகச் செப்பைத் தோண்டி எடுப்பார். உளியை உள்ளங்கையால் தள்ளுவார்; கோடு வளைய வேண்டிய இடத்தில், உளியை அசைக்காமல் தோல் மெத்தையின் மேல் இருக்கும் தகட்டைத் திருப்புவார். எழுத்துகள் எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பமாகவே வெட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான எழுத்துகள், அதுவும் அரிசி மணியை விடச் சிறியவை. எழுத்து வெட்டுவதற்கென்றே தனித் தேர்ச்சி பெற்றவர்கள் இருந்தார்கள்.

அச்சடிப்பதும் எளிதல்ல. தகட்டை இளஞ்சூட்டில் வைத்து, கெட்டியான மையைக் கோடுகளுக்குள் இறங்கும்படி அழுத்திப் பூசுவார்கள். மேற்பரப்பில் மிஞ்சியதை முதலில் துணியால் துடைத்து, பின்பு சுண்ணப்பொடி தொட்ட உள்ளங்கையால் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள். ஈரப்படுத்திய காகிதத்தை மேலே வைத்து, இரண்டு உருளைகளுக்கு இடையே பெரும் அழுத்தத்தில் இழுத்தால், கோட்டுக்குள் இருந்த மை காகிதத்துக்கு ஏறும். தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாகப் பதியும். பழைய படங்களைக் கையில் எடுப்பவர்கள் விரலால் தடவித் தேடுவது அந்தப் பள்ளத்தைத்தான். வண்ணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியே தூரிகையால் தீட்ட வேண்டும்.

தவறு நேர்ந்தால், அல்லது ஊரில் புதுத்தெரு வந்தால்? அந்த இடத்தைச் சுரண்டி, பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டி மேலெழுப்பி, மறுபடி வழவழப்பாக்கிப் புதிதாக வெட்டுவார்கள். இதனால் ஒரே தகடு பத்து இருபது ஆண்டுகள் உழைக்கும். அடியோரத்தில் பதிப்பாளர் பெயரும் வெளியிட்ட நாளும் இருக்கும். அழகுக்காகப் போட்டதல்ல அது. 1735இல் வந்த பொறிப்பு உரிமைச் சட்டம் அப்படிக் கேட்டது. 1767இல் வந்த திருத்தம் வரைபடங்களையும் சேர்த்து 28 ஆண்டுப் பாதுகாப்புத் தந்தது. பதிப்பாளர் கைமாறினால் அந்த வரியைச் சுரண்டிப் புதுப்பெயர் போடுவார்கள். ஆகவே ஒரு படத்தின் வயதைக் கண்டுபிடிக்க அடிவரியை மட்டும் நம்பக்கூடாது. எந்தப் பாலம் இருக்கிறது, எந்தத் தேவாலயம் இன்னும் வரவில்லை என்று படத்துக்குள்ளும் தேட வேண்டும்.

எடின்பரோ இந்தத் தொழிலுக்கு வாகான நகரம். வங்கிகள் உண்டு, நோட்டு அடிக்கப் பொறிப்பாளர் வேண்டும். பல்கலைக்கழகம் உண்டு, உடற்கூற்று நூல்களுக்குப் படம் வேண்டும். வழக்கறிஞர் கூட்டம் உண்டு, பெயரட்டையும் நிலப்படமும் வேண்டும். லிசார்ஸ் குடும்பம் அங்கே பெரிய பெயர். மூத்தவர் டேனியல் லிசார்ஸ் 1812இல் இறந்தபோது மகன் வில்லியம் ஹோம் லிசார்ஸ் நல்ல ஓவியராகப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். குடும்பத்தைக் காப்பாற்றத் தூரிகையை வைத்துவிட்டு அப்பாவின் பட்டறையை எடுத்து நடத்தினார். 1826இல் ஓவியர் ஆடுபன் தன் அமெரிக்கப் பறவை ஓவியங்களோடு எடின்பரோவுக்கு வந்தபோது முதல் பத்துத் தகடுகளை வெட்டியது லிசார்ஸ் பட்டறைதான். வண்ணம் தீட்டும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யவே அந்தப் பெரும்பணி லண்டனுக்குப் போய்விட்டது. கையால் வண்ணம் தீட்டுபவர்களை நம்பித்தான் முழுத் தொழிலும் நின்றது என்பதை இது காட்டுகிறது.

இன்னொரு குடும்பம் கிர்க்வுட். தந்தை ஜேம்ஸ், மகன் ராபர்ட். வரைபடம், உலக உருண்டை இரண்டும் இவர்கள் பட்டறையில் தயாராயின. 1819இல் ராபர்ட் கிர்க்வுட் பெயரில் வெளிவந்த எடின்பரோ புதுநகரப் படம், நகரப்படக் கலையில் தனித்து நிற்கும் ஒன்று. ஜேம்ஸ் கிரெய்க் 1767இல் திட்டமிட்ட புதுநகரத்தின் நேர்த்தெருக்கள் வழக்கமான வரைபடமாகக் கீழே இருக்கும். ஆனால் ஒவ்வொரு தெருவின் இருபக்கமும் கட்டடங்களின் முகப்பு நிமிர்ந்து தெரியும்படி வரைந்திருக்கும். சன்னல் எத்தனை, வாசல் எங்கே, எத்தனை மாடி என்று எண்ணிப் பார்க்கலாம். பிற்காலத்தில் கடைகளும் ஓட்டல்களும் வந்து மாறிப்போன பிரின்சஸ் தெருவின் பழைய முகத்தைப் பார்க்க விரும்புபவர்கள் இன்றும் போய் நிற்பது இந்தப் படத்தின் முன்னால்தான். அப்படி ஒன்றைச் செப்பில் வெட்டுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்தாலே மதிப்பு கூடுகிறது.

இந்தக் கிர்க்வுட் பட்டறையில்தான் 1824 நவம்பர் 15, திங்கட்கிழமை இரவு பத்து மணி வாக்கில் எடின்பரோவின் பெருந்தீ தொடங்கியது.

பட்டறை இருந்தது பழைய நகரத்தின் ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து இறங்கும் ஒரு சந்தில், ஏழு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். பொறிப்பு மைக்கு அடிப்படை, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். கெட்டிப்படும்வரை சூடாக்கிக் கரிப்பொடியோடு குழைப்பார்கள். அன்று அடுப்பில் இருந்த எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தது. சந்து குறுகலானது, வண்டி நுழைய இடமில்லை, தண்ணீர் வந்து சேரத் தாமதமாயிற்று. மரமும் பழைய சுவர்களும் பற்றிக்கொண்டு தீ தெருமுகம் வரை வந்தது. மறுநாள் முற்பகல் அடங்கியது என்று மூச்சு விட்டபோது, சற்றுத் தள்ளியிருந்த டிரான் தேவாலயத்தின் மரக்கோபுரத்தில் பொறி விழுந்தது. ஈயத்தகடு உருகி வழிய, கோபுரம் சரிந்தது. அன்றிரவு நாடாளுமன்றச் சதுக்கத்தில் உயரமான கட்டடம் ஒன்றின் உச்சியில் இன்னொரு தீ. எல்லாம் ஓயப் பல நாட்கள் ஆயின. இரண்டு தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் குளிர்காலத்தின் வாசலில் தெருவுக்கு வந்தன.

நகரத்தின் தீயணைப்புப் படை அப்போது பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நகராட்சி சார்பில் அமைந்த அப்படிப்பட்ட முதல் படைகளில் ஒன்று அது. தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டுக்கு 24 வயது. ஆளாளுக்குக் கட்டளையிட்ட குழப்பத்தில் அவரால் நினைத்தபடி செய்ய முடியவில்லை. தீவிபத்தின்போது யார் சொல்லைக் கேட்பது என்ற கேள்விக்கு இந்தத் தீக்குப் பிறகுதான் அவர் பக்கம் தெளிவான பதில் கிடைத்தது. பின்னாளில் லண்டன் தீயணைப்புப் படைக்குத் தலைமையேற்று, 1861இல் டூலி தெரு தீயில் சுவர் சரிந்து உயிர்விட்டவர் அவர்தான்.

கிர்க்வுட் பட்டறையில் கற்ற தொழில் அந்தத் தீயோடு போய்விடவில்லை. அங்கே பயின்ற வில்லியம் ஜான்ஸ்டன் 1820களின் நடுவில் தம்பி அலெக்சாண்டர் கீத்துடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், அந்த நூற்றாண்டின் பெரிய வரைபடப் பதிப்பகங்களில் ஒன்றாக வளர்ந்தது. வில்லியம் 1848 முதல் 1851 வரை எடின்பரோவின் லார்டு ப்ரவோஸ்ட், அதாவது மேயர். கிளாஸ்கோவிலும் இதே கதைதான்: பொறிப்பும் எழுதுபொருள் வியாபாரமும் செய்த லம்ஸ்டன் குடும்பத்தின் ஜேம்ஸ் லம்ஸ்டன் 1843இல் அந்த நகரத்துக்கு மேயரானார். தங்கள் ஊரை விற்றவர்கள் ஊரையே நடத்தும் நிலைக்கு வந்தது தற்செயல் அல்ல. மன்றத்தில் யார், வங்கியில் யார், எந்த மனை யாருடையது என்பதெல்லாம் அவர்கள் மேசையைத் தாண்டித்தான் போயின.

ஆண்டுதோறும் படம் விற்க ஒரு நல்ல வாகனம் முகவரிப் புத்தகம். எடின்பரோவில் அதைத் தொடங்கி வைத்தவர் பீட்டர் வில்லியம்சன். சிறுவனாக அபர்டீனில் கடத்தப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்டு, திரும்பி வந்து காபிக்கடை நடத்தியவர். 1773இல் நகரத்தின் முதல் முகவரிப் புத்தகத்தை வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அஞ்சல் அலுவலக முகவரிப் புத்தகங்கள் வரைபடத்தோடு வரத் தொடங்கின. ஒவ்வோர் ஆண்டும் தகட்டில் ஒரு தெரு கூடும், ஒரு பெயர் மாறும். வரிசையாக அடுக்கிப் பார்த்தால் நகரம் வளர்ந்த விதம் ஆண்டுக்கு ஆண்டு தெரிகிறது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்தப் படங்கள் இருப்பதை மட்டும் காட்டவில்லை, வரப்போவதையும் காட்டின. 1804இல் ஜான் ஐன்ஸ்லி போட்ட எடின்பரோ, லீத் படத்தில் அப்போது திட்டத்தில் மட்டும் இருந்த கப்பல்துறைகளும் இடம்பெற்றன. நடக்கவிருக்கும் மேம்பாடுகள் அடங்கியது என்று தலைப்பிலேயே போட்டு விற்ற படங்கள் உண்டு. கட்டடக் கலைஞர் வில்லியம் பிளேஃபேர் 1819இல் கால்டன் குன்றுக்கும் லீத் துறைமுகத்துக்கும் நடுவே ஒரு பெரிய நகர்ப்பகுதியைத் திட்டமிட்டார். அடுத்து வந்த படங்களில் அந்தப் பிறைவடிவத் தெருக்கள் அழகாக இடம்பிடித்தன. 1825 இறுதியில் வங்கிகள் சரிந்தன. எடின்பரோவின் பெரும் பதிப்பாளர் கான்ஸ்டபிள் திவாலாக, அவரோடு நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டும் கடனில் மூழ்கினார். கட்டட வேலையும் படுத்தது. குன்றின் மேல் சில வரிசைகள் எழுந்தன. கீழே இருந்த தெருக்களில் பெரும்பகுதி காகிதத்தோடு நின்றுவிட்டது. ஆகவே இப்படங்களில் தெருக்களைவிடப் பெயர்களை நம்பலாம். தெரு, மனை விற்க விரும்பியவரின் ஆசையாக இருக்கக்கூடும். பெயர் தவறாக இருந்தால் சந்தா கட்டியவரே கடைக்கு வந்து கேட்பார்.

அந்தப் பெயர்களுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1801இல் தொடங்கினாலும் முதல் நான்கு முறையும் அரசுக்கு வேண்டியிருந்தது தலை எண்ணிக்கைதான். ஒவ்வொருவர் பெயரையும் நாடு முழுவதும் முறையாகக் குறித்தது 1841இல்தான். ஸ்காட்லாந்தில் சொத்து மதிப்புப் பட்டியல் ஒரே சீராக ஆண்டுதோறும் வரத் தொடங்கியது 1855இல். நிலப் பத்திரப் பதிவு 1617 முதல் இருந்தாலும் அதில் மனை சொற்களில்தான் இருக்கும். பெயரும் இடமும் ஒரே தாளில் கண்ணுக்குத் தெரிவது 1820களில் வுட்டின் படங்களில். சில மனைகளில் மருத்துவர், சிலவற்றில் பாதிரியார், சிலவற்றில் ஒரு பெண்ணின் பெயர், சிலவற்றில் இறந்தவரின் வாரிசுகள் என்று மட்டும். கூடவே தோல் பதனிடும் இடம், சாராய ஆலை, கயிறு திரிக்கும் களம். குடும்ப வரலாறு தேடுபவர்களும் தொல்லியல் ஆய்வாளர்களும் இவற்றை விடாமல் புரட்டுவது அதனால்தான்.

விட்டுப்போனவர்கள் யார் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். வாடகைக்கு இருந்தவருக்குப் படத்தில் இடமில்லை. மாடிக்கு மாடி குடும்பங்கள் அடைந்து வாழ்ந்த சந்துக் கட்டடத்தின் மேல் சொந்தக்காரரின் ஒரே பெயர்தான் இருக்கும். 1824 தீயில் வீடிழந்தவர்களில் பெரும்பாலோர் அப்படிப் படத்தில் ஏறாதவர்கள்.

இதற்கிடையே கல்லச்சு வந்தது. ஜெர்மனியில் சேனஃபெல்டர் 1798 வாக்கில் கண்டுபிடித்த முறை. கல்லின் மேல் கொழுப்பு மையால் வரைந்தால் போதும், தோண்ட வேண்டியதில்லை. 1820களில் எடின்பரோவிலும் கல்லச்சுக் கடைகள் திறந்தன. செலவும் நேரமும் குறைந்தன. ஆனால் கோட்டின் கூர்மையில் செப்புக்கு அது ஈடாகவில்லை என்பதால் கவனமான பதிப்பாளர்கள் நெடுநாள் செப்பை விடவில்லை.

ஜான் வுட் 1847இல் இறந்தார். அதே ஆண்டில் அரசு நில அளவைத் துறை ஸ்காட்லாந்து நகரங்களின் பெருவரைபடப் பணியைத் தொடங்கியது. எடின்பரோவை 1849 முதல் 1853 வரை அளந்தது. மைலுக்கு ஐந்து அடி என்ற அளவு, செலவு அரசுடையது, சந்தாதாரர் தேவையில்லை. தெருவிளக்குக் கம்பம், தண்ணீர்க் குழாய், தேவாலயத்துக்குள் இருக்கை வரிசை வரை எல்லாம் அந்தப் படங்களில் துல்லியமாக இருக்கின்றன. மனைச் சொந்தக்காரர் பெயர் மட்டும் எங்கும் இல்லை.